எந்த முடிவிலி? ஆவூர் வட்டாரக் கணித, கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆவூரிலும் அதைச் சூழ்ந்த புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களிலும் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணிதமும் கணினி அறிவியலும் கற்பித்துவரும் மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்தால் என்ன கிடைக்கும் என்னும் கேள்விக்கு, உங்களிடம் பயிலும் மாணவர் ஒருவர் இரண்டே ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு விடைகளைப் பெற்றுக்கொண்டு பள்ளியை விட்டு வெளியேறுகிறார் என்பதை உங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவே இம்மடல் எழுதப்படுகிறது. கணித வகுப்பில் அந்த வகுத்தல் 'வரையறுக்கப்படவில்லை' எனப்படுகிறது. அதே வகுப்பில், எல்லை மதிப்புகளை நடத்தும் வாரத்தில், பாடம் முடிக்கும் அவசரத்தில் அதற்கு நேராக 'முடிவிலி' என்று கரும்பலகையில் எழுதப்பட்டுவிடுகிறது. பதினோராம் வகுப்பின் சி++ பாடத்தில் தசமப் புள்ளி எண்களைக் கொண்டு அதே கணக்கைச் செய்தால் திரையில் 'இன்ஃப்' என்னும் குறி தோன்றுகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் பைதான் பாடத்திலோ, நிரல் மேற்கொண்டு நகராமல் பிழை அறிவித்து நின்றுவிடுகிறது. இந்த நான்கும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒருவரும் சொல்லாத நிலையில், கணிதத்தில் விடை என்பது கேட்கும் இடத்தைப் பொறுத்து மாறிவிடும் என்ற தவறான முடிவுக்கு மாணவர் வந்துவிடுகிறார். நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளைகளே இதை மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் இதில் மிகவும் வருந்தத்தக்கது.

குழப்பத்தின் வேர் மாணவரிடம் இல்லை. படுக்கவைத்த எட்டைப் போன்ற குறி ஒன்றை ஜான் வாலிஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1655-இல் முடிவிலிக்காகப் பயன்படுத்தியதிலிருந்து, அந்த ஒரே குறியும் 'முடிவிலி' என்னும் அந்த ஒரே சொல்லும் ஒன்றுக்கொன்று உறவுடைய, ஆனால் ஒன்றாகாத பல பொருள்களைச் சுமந்து வருகின்றன. ஒரே வடிவம் இரு பொருளைச் சுமக்கும்போது படிப்பவர் எவ்வளவு தடுமாறுவார் என்பதை ஆவூரில் இருப்போருக்கு விளக்க வேண்டிய தேவையில்லை. இவ்வூரின் பழமையான கத்தோலிக்கத் திருத்தலத்தோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் வீரமாமுனிவர் தமிழ் எழுத்தில் செய்த சீர்திருத்தம் இந்தத் தடுமாற்றத்தையே தீர்த்தது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடுவது பழைய இலக்கண மரபு. ஆனால் ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் அதை விட்டுவிட, குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்றன. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும் என்றிருந்த அந்த நிலையை மாற்றி, நெடிலுக்குத் தனிக் கோடும் சுழியும், கொம்பில் ஒற்றைக்கும் இரட்டைக்கும் தனி வடிவும் கொடுத்தவர் அவர் என்று எழுத்து வரலாறு குறிக்கிறது. முடிவிலியின் குறியைத் திருத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆயினும் அந்தக் குறி வகுப்பறையில் எழுதப்படும் ஒவ்வொரு முறையும் அது எந்தப் பொருளில் எழுதப்படுகிறது என்று சொல்லிவிடும் உரிமை முழுவதும் உங்களுடையது.

அப்பொருள்களில் முதலாவது, பதினோராம் வகுப்பில் நீங்கள் கற்பிக்கும் எல்லை என்னும் கருத்தோடு வருவது. இங்கே முடிவிலி ஓர் எண்ணாகவே நிற்பதில்லை. 'எவ்வளவு வேண்டுமானாலும் மேலே போகலாம், நிறுத்தமில்லை' என்னும் போக்கின் சுருக்கெழுத்தாக மட்டுமே நிற்கிறது. இதைக் கற்பிக்கத் தமிழில் இருக்கும் பின்னச் சொற்களைவிட எளிய கருவி வேறெங்கும் தேட வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை ஒப்பித்த தலைமுறைக்கு அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம், கால்வீசம் ஆகிய ஆறும் வாயில் பழகிய சொற்கள். ஒவ்வொன்றும் முந்தியதில் சரிபாதி என்பதால், வீசம் பதினாறில் ஒன்றாகவும் கால்வீசம் அறுபத்து நான்கில் ஒன்றாகவும் வருகின்றன. இந்த ஆறையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். அறுபத்து நான்கில் அறுபத்து மூன்று வரும். முழு ஒன்றுக்குக் குறைவது சரியாக ஒரு கால்வீசம், அதாவது கடைசியாகக் கூட்டிய உறுப்பின் அதே அளவு. அரையோடு நிறுத்தினால் குறைவது அரை. காலோடு நிறுத்தினால் குறைவது கால். எங்கே நிறுத்தினாலும் கடைசி உறுப்பளவே குறையும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள். அந்தக் குறை எவ்வளவு சிறிதாக வேண்டுமானாலும் ஆகலாம், ஆனால் எந்தப் படியிலும் பூச்சியமாகாது என்பதை அவர்கள் சொன்ன பிறகே, 'இத்தொடரின் கூடுதல் ஒன்று' என்னும் வாக்கியத்தின் பொருளைச் சொல்லுங்கள்: கூட்டி முடித்துவிட்டோம் என்பது அதன் பொருளன்று, நீங்கள் கேட்கும் எந்தச் சிறு குறைக்கும் உட்பட்டு ஒன்றை நெருங்கிவிடலாம் என்பதே அதன் பொருள்.

அதே கூட்டலை அன்றே கணினி ஆய்வகத்தில் செய்து காட்டினால், இம்மடலின் கவலை எதைப் பற்றியது என்பது உங்களுக்கும் தெளிவாகும். கணினி வழக்கமாகப் பயன்படுத்தும் 64 பிட் தசமப் புள்ளி எண்ணில் மதிப்பிலக்கங்களுக்கு உள்ள இடம் 53 இரும இலக்கங்கள் மட்டுமே. அரையில் தொடங்கிப் பாதி பாதியாகக் கூட்டிக்கொண்டே போனால், 53-ஆம் உறுப்பு வரை கூடுதல் ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவே சரியாகக் காட்டப்படும். 54-ஆம் உறுப்பைச் சேர்த்தவுடன், மீதியை எழுத இடமில்லாமல் எந்திரம் அதை மேல்நோக்கி முழுமைப்படுத்தி, மிகச் சரியாக ஒன்று என்று விடை தந்துவிடும். எந்தப் படியிலும் ஒன்றைத் தொடாது என்று பத்து நிமிடத்திற்கு முன் கரும்பலகையில் நிறுவப்பட்ட தொடர், திரையில் ஐம்பத்து நான்கே படிகளில் ஒன்றைத் தொட்டுவிடுகிறது. இங்கே விடை சரியாக அமைந்துவிடுவதால் தீங்கில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று எனச் செல்லும் இசைத்தொடரைக் கூட்டிப் பாருங்கள்: இது எல்லையின்றி வளரும் தொடர் என்பதைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஒரெம் நிறுவினார், ஆனால் 32 பிட் துல்லியத்தில் அதைக் கூட்டும் கணினி, ஏறத்தாழ 21 லட்சம் உறுப்புகளுக்குப் பின் 15.4 என்னும் மதிப்பை ஒட்டி நின்றுவிட்டு, அதன்பின் எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் அசைவதில்லை, ஏனெனில் புதிதாக வரும் உறுப்பு கடைசி இலக்கத்தின் பாதியைக்கூட எட்டாத அளவுக்குச் சிறிதாகிவிடுகிறது. திரையை மட்டும் பார்க்கும் மாணவர் இத்தொடருக்கு எல்லை உண்டு என்றே எழுதுவார். அவர் எழுதியதைத் தவறு என்று அடிக்கும் ஆசிரியர், அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்.

இரண்டாவது பொருள், அளவைப் பற்றியது. இது பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகிறது. பந்தியில் இலைகளையும் எண்ணாமல் ஆள்களையும் எண்ணாமல், ஒவ்வோர் இலைக்கும் ஓர் ஆள் அமர்ந்து எவரும் நிற்காமலும் எந்த இலையும் காலியாக இல்லாமலும் இருந்தாலே இரண்டும் சமம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அந்த ஒன்றுக்கொன்றான பொருத்தத்தையே முடிவற்ற கணங்களுக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டவர் ஜெர்மனியின் கியார்க் கான்டர். இயல் எண்கள் முழுவதையும் இரட்டை எண்களோடு பொருத்திவிட முடிகிறது என்பதால் அவை ஒரே அளவின என்றும், பூச்சியத்திற்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட மெய்யெண்களை அவ்வாறு எந்த வரிசையிலும் அடக்க முடியாது என்பதால் அவை அதைவிடப் பெரிய முடிவிலி என்றும் அவர் 1874-இலும், பின்னர் மேலும் எளிய வழியில் 1891-இலும் நிறுவினார். முடிவிலிகளுக்குள் பெரியது சிறியது உண்டு என்பதை ஒரு முறையேனும் கேட்ட மாணவர், 'முடிவிலி என்பது மிகப் பெரிய எண்' என்று பிறகு எழுதமாட்டார்.

மூன்றாவது பொருளில்தான் பூச்சியத்தால் வகுத்தல் நேரடியாக வருகிறது. இந்திய மரபு இதில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. பிரம்மகுப்தர் 628-இல் பூச்சியத்திற்கு விதிகள் வகுத்தபோது பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றார். இன்றைய கணிதம் இதை ஏற்பதில்லை என்றாலும், விதி தேவை என்று உணர்ந்ததே பெரிது. 1150-இல் இரண்டாம் பாஸ்கரர், பூச்சியத்தைப் பகுதியாகக் கொண்ட அளவுக்குக் கஹரம் என்று தனிப்பெயரிட்டு, அதனோடு எதைக் கூட்டினாலும் கழித்தாலும் அது மாறாது என்றும், உயிர்கள் தோன்றினாலும் ஒடுங்கினாலும் மாறாத இறைவனை அது ஒக்கும் என்றும் விளக்கினார். வடிவியல் வேறொரு வழியில் இதே இடத்திற்கு வந்தது. கீரனூர்ப் பக்கத்துத் தண்டவாளத்தை நேர்க்கோடாகப் பார்த்தால் இரு கம்பிகளும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதாகத் தோன்றுகிறது அல்லவா, அந்தத் தோற்றத்தையே ஒரு புள்ளியாக ஏற்றுக்கொண்டு கோட்டின் இரு முனைகளையும் அங்கே இணைத்து வட்டமாக்கிவிட்டால், அந்த அமைப்புக்குள் ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்தால் அந்த ஒரே முடிவிலிப் புள்ளி கிடைக்கிறது என்று சொல்வது முற்றிலும் முறையானதே. ஆகவே அந்த வாக்கியத்தை எப்போதும் பொய் என்றும் நீங்கள் சொல்லத் தேவையில்லை. அதற்கென ஓர் இடத்தை யாரேனும் கட்டிவைத்திருந்தால் அங்கே அது மெய், பள்ளிக் கணிதம் பயன்படுத்தும் சாதாரண மெய்யெண்களில் அப்படி ஓர் இடம் கட்டப்படவில்லை என்பதே சரியான விளக்கம்.

கணினிக்குள் அந்த இடத்தைக் கட்டியவர்களுக்கும் பெயரும் ஆண்டும் உண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் எந்திரமும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்த நிலையை முடிவுக்குக் கொண்டுவர, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த வில்லியம் கஹான் முன்னின்று உருவாக்கிய தரவரைவு 1985-இல் ஐட்ரிபிள்ஈ 754 என்னும் பெயரில் ஏற்கப்பட்டது. அதற்கு முன்னோடியாக 1980-இல் வந்த இன்டெல் 8087 சில்லு, மேலே சொன்ன ஒற்றை முடிவிலி, நேர் எதிர் என்னும் இரட்டை முடிவிலி ஆகிய இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ள இடம் வைத்திருந்தது என்பதும், தரவரைவு இறுதியில் இரட்டை முடிவிலியை மட்டும் எடுத்துக்கொண்டது என்பதும் இவை மனிதர் செய்த தெரிவுகளே என்பதைக் காட்டுகின்றன. 64 பிட்டுகளில் ஒன்று குறியையும், பதினொன்று அடுக்கையும், எஞ்சிய 52 பின்னப் பகுதியையும் காட்டுகின்றன. அடுக்குக்கான பதினொன்றும் ஒன்றாகவும் பின்னத்துக்கான 52-உம் பூச்சியமாகவும் இருந்தால் அந்த அமைப்புக்கு முடிவிலி என்று பொருள் கொள்ளவேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதன்பின் பாஸ்கரரின் விதி மாறாமல் செயல்படுகிறது: முடிவிலியோடு ஐந்தைக் கூட்டினாலும் ஐந்தைக் கழித்தாலும் முடிவிலியே.

ஆனால் கணினியின் முடிவிலிக்கு, கணிதத்தில் இல்லாத இன்னொரு வேலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை நீங்கள் அழுத்திச் சொல்லவேண்டும். அந்த 64 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 309 இலக்கங்களை உடையது; அதைத் தாண்டும் எந்த முடிவுள்ள எண்ணையும் எந்திரம் முடிவிலி என்றே எழுதுகிறது. 170-இன் காரணீயப் பெருக்கம், அதாவது ஒன்று முதல் 170 வரையுள்ள எண்களின் பெருக்கல், 307 இலக்கங்களோடு அதில் அடங்கிவிடுகிறது. 171-இன் காரணீயப் பெருக்கம் 310 இலக்கங்களாகிவிடுவதால் திரையில் 'இன்ஃப்' என்று வருகிறது. 172-க்கும் அதே குறி வருகிறது. இரண்டும் சமமா என்று எந்திரத்தைக் கேட்டால் சமம் என்கிறது, ஒன்று மற்றதைப் போல 172 மடங்கு என்றாலும். மாணவர்கள் கையில் வைத்திருக்கும் அறிவியல் கணிப்பானில் இந்த எல்லை இன்னும் கீழே இருக்கிறது. 69 வரை விடை தரும் கணிப்பான் 70-க்குப் பிழை காட்டிவிடும். பைதானிலோ, தசமமாக மாற்றாமல் முழு எண்ணாகவே கேட்டால் 310 இலக்கங்களையும் ஒன்றுவிடாமல் அச்சிட்டுத் தந்துவிடும். ஆகவே திரையில் தோன்றும் 'இன்ஃப்', கணக்கின் விடை முடிவற்றது என்பதற்குச் சான்றாகாது. பாத்திரம் சிறியது என்பதற்குச் சான்றாகலாம். அளக்க வந்த நெல் முகவையில் கொள்ளவில்லை என்பதற்காக நெல்லுக்கு அளவில்லை என்று எவரும் சொல்வதில்லையே.

அப்படியென்றால் பைதானைப் போல நின்றுவிடாமல் எந்திரம் ஏன் இந்தக் குறியோடு மேற்கொண்டு போக வேண்டும் என்று மாணவர் கேட்டால், அதற்கு இயற்பியல் பாடத்திலேயே விடை இருக்கிறது. பக்க இணைப்பில் உள்ள இரு மின்தடைகளின் தொகுபயன் காண, ஒவ்வொன்றின் தலைகீழியையும் கூட்டி, அந்தக் கூடுதலின் தலைகீழியை எடுக்கிறோம். ஒரு தடை பூச்சியம், மற்றது ஐந்து ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலதன் தலைகீழி முடிவிலி, அதோடு 0.2-ஐக் கூட்டினாலும் முடிவிலி. அதன் தலைகீழி பூச்சியம். குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தொகுபயன் தடை பூச்சியம் என்பது சரியான விடை. நிரலில் தனி நிபந்தனை எதுவும் எழுதாமலே அது வந்துவிட்டது. இனி இதே வாய்பாட்டை, இரண்டின் பெருக்கலை இரண்டின் கூடுதலால் வகுத்தல் என்று மாற்றி எழுதி, ஒரு பக்கம் இணைப்பு அறுந்துவிட்டது, அதாவது அந்தத் தடை முடிவிலி என்று கொடுத்துப் பாருங்கள். முடிவிலியை முடிவிலியால் வகுக்க நேர்கிறது. எந்திரம் 'எண் அல்லாதது' என்னும் குறியைத் தருகிறது. முதல் வடிவமோ ஐந்து ஓம் என்று சரியாகச் சொல்கிறது. தாளில் சமமான இரு வாய்பாடுகள் முடிவிலி நுழைந்தவுடன் சமமாக இல்லாமல் போகின்றன என்பதைப் பதினேழு வயதில் கண்ணால் கண்டுவிட்ட ஒருவர், பின்னாளில் எந்தப் பொறியியல் கணக்கிலும் வாய்பாட்டைக் கண்மூடி எழுதமாட்டார்.

'எண் அல்லாதது' என்னும் அந்தக் குறியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் அதில்தான் கணிதமும் எந்திரமும் தம்முள் மிக நெருங்கி வருகின்றன, தமிழ்நாட்டின் மிகப் பெரிய கணித மேதையும் அங்கே நிற்கிறார். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் பழங்களைப் பங்கிட்டு விளக்க, பூச்சியம் பழத்தைப் பூச்சியம் பேருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று சீனிவாச இராமானுஜன் கேட்டதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் குறிக்கின்றன. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜில் அவரோடு பழகிய புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸ், பூச்சியத்தை நிர்க்குணப் பிரம்மத்தின் குறியாகவும் முடிவிலியைக் கூடக்கூடிய அனைத்தின் தொகுதியாகவும் இராமானுஜன் பேசுவதுண்டு என்றும், இவ்விரண்டின் பெருக்கலிலிருந்து முடிவுள்ள எண்கள் அனைத்தும் பிறக்கும் என்று அவர் கருதினார் என்றும் நினைவுகூர்ந்திருக்கிறார். இதைத் தத்துவம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் பாடநூல் 'தேரப்பெறாத வடிவம்' என்று சொல்வது இதையே: ஒன்று பூச்சியத்தை நோக்கியும் மற்றது முடிவிலியை நோக்கியும் போகும் இரு கோவைகளைப் பெருக்கினால், அவை போகும் வேகத்தைப் பொறுத்து எல்லை மூன்றாகவும் இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம், வேறெந்த எண்ணாகவும் இருக்கலாம். எல்லா எண்ணும் விடையாகக்கூடிய இடத்தில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய தகவல் எந்திரத்திடம் இல்லை; அதனால் அது எதையும் தெரிந்தெடுக்காமல் 'எண் அல்லாதது' என்கிறது. அக்குறி தனக்குத் தானே சமமா என்று கேட்டாலும் இல்லை என்றே எந்திரம் விடையளிக்கும்படி விதி செய்யப்பட்டிருப்பதும் இதனால்தான் பொருத்தமாகிறது, ஒரு தேரப்பெறாத வடிவமும் இன்னொன்றும் ஒரே எல்லைக்குப் போகின்றன என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லையே.

இராமானுஜனின் இன்னொரு செய்தியும் உங்கள் மாணவர்களை அரைகுறையாகச் சென்றடைந்துகொண்டிருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று எனச் செல்லும் இயல் எண்கள் அனைத்தின் கூடுதல், பன்னிரண்டில் ஒன்றின் எதிர்மம் என்று அவர் நிறுவிவிட்டார் என்பதைக் கைப்பேசிக் காணொளிகளில் கேட்டுவிட்டு வரும் பிள்ளைகள், கூட்டல் என்பதே ஒரு மாயம் என்று எண்ணத் தொடங்குகிறார்கள். 1913 பிப்ரவரி 27-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் அந்த முடிவை எழுதிய இராமானுஜன், அது தம் கோட்பாட்டின்படி வருவது என்னும் கட்டுப்பாட்டையும் அதிலேயே சேர்த்திருந்தார். விளக்கமின்றிச் சொன்னால் தம்மைப் பித்தர் என்று கருதக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. சாதாரணக் கூட்டலில் அத்தொடர் எல்லையின்றி வளர்கிறது. அந்தப் பின்னம், தொடருக்கு வேறொரு முறையில் மதிப்பளிக்கும் விதியின் கீழ்ப் பெறப்படுவது. எந்த விதியின் கீழ்ப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசும் அந்த ஒழுக்கத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும், இம்மடலின் வேண்டுதல் பாதி நிறைவேறிவிடும்.

இவ்வளவும் வகுப்பறைக்குள் முடிந்துபோகும் நுணுக்கம் என்று நீங்கள் கருதிவிடக் கூடாது. முடிவிலிக்கான குறி தசமப் புள்ளி எண்களுக்கு மட்டுமே உண்டு. முழு எண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவூர்தியில், 64 பிட் தசமப் புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது அந்த இடத்தில் கொள்ளாமல் போனது. வழிகாட்டும் கருவி செயலிழந்து, ஏறத்தாழ நாற்பது நொடிகளில் ஏவூர்தி சிதறியது. கொள்ளாத எண்ணைத் தாங்கும் காப்பு அந்த மாற்றத்துக்கு எழுதப்படவில்லை. உங்கள் மாணவர்களில் பலர் திருச்சியிலோ கோவையிலோ சென்னையிலோ நாளை எழுதப்போகும் நிரல்கள் மருந்தின் அளவையும் வங்கிக் கணக்கையும் கையாளப்போகின்றன.

இந்த நிலைக்கு உங்களைக் குறைசொல்வது நியாயமாகாது. கணிதப் பாடநூல் எல்லையைப் பற்றிப் பேசி நின்றுவிடுகிறது. கணினிப் பாடநூல் தரவினங்களின் அளவைப் பட்டியலிட்டு நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்று சொல்ல எந்தப் பக்கத்திலும் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. பொதுத்தேர்வு நெருக்கடியில், ஒரே பள்ளியின் கணித ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஆண்டு முழுவதும் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தும் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொள்ள நேரம் வாய்ப்பதில்லை. தமிழ்வழி மாணவருக்கோ இன்னொரு சுமை: திரையில் வரும் பிழைச் செய்தி ஆங்கிலத்திலும், அதை விளக்க வேண்டிய கருத்து தமிழிலும், இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்த்துச் சொல்ல ஆளில்லாமலும் இருப்பதால், செய்தியைப் படிக்காமலே கடந்துவிடும் பழக்கம் அவருக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறது. இதைச் சரிசெய்யப் புதிய பாடநூலுக்கோ அரசாணைக்கோ காத்திருக்கவும் தேவையில்லை என்பதாலேயே இவ்வேண்டுதல் துறைக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

ஆண்டுதோறும் டிசம்பர் 22, இராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாளாகப் பள்ளிகளில் பேச்சுப் போட்டியோடும் படத்திற்கு மாலையோடும் நடந்துவருகிறது. வரும் டிசம்பரில் அந்த நாளையொட்டி இரண்டே பாடவேளைகளை, கணித ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று நடத்துங்கள். முதல் பாடவேளையில் அரையும் காலும் அரைக்காலும் கரும்பலகையில் கூடட்டும். இரண்டாவதில் அதே தொடர் ஆய்வகத்தில் ஐம்பத்து நான்காம் படியில் ஒன்றைத் தொடுவதையும், 171-இன் காரணீயப் பெருக்கம் 'இன்ஃப்' ஆவதையும், மின்தடை வாய்பாடு ஒரு வடிவில் விடை தந்து மறுவடிவில் 'எண் அல்லாதது' என்று நிற்பதையும் பிள்ளைகளே தட்டச்சு செய்து பார்க்கட்டும். அன்று முதல், முடிவிலிக் குறியை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் 'எல்லையில்', 'கணத்தின் அளவில்', 'கணினியில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதும் வழக்கத்தை இரு பாட ஆசிரியர்களும் கைக்கொள்ளுங்கள். திருப்புதல் தேர்வில், 'ஒன்றைப் பூச்சியத்தால் வகுத்தால்?' என்னும் கேள்விக்கு, மெய்யெண்களில் வரையறை இல்லை, சி++ தசம எண்களில் 'இன்ஃப்', பைதானில் பிழை என்று மூன்றையும் காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். பாடநூலில் இல்லை என்பதற்காக அந்த விடையை அடித்துவிடாதீர்கள். பாடத்தின் நடுவே ஒரு பிள்ளை எழுந்து 'இது எந்த முடிவிலி?' என்று கேட்டால், பாடம் முடியவில்லை என்று அமரச் சொல்லாமல், சாக்பீஸை அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கரும்பலகைக்கு வரச் சொல்லுங்கள்.